அப்பத்தாவும் மைக்ரோவேவ் அவனும்

"மைக்ரோவேவில் சுட வைத்ததைச் சாப்பிட்டால் புற்றுநோய் வரும்" என்ற வாட்ஸ்அப் தகவல் எங்கள் குடும்ப குரூப்பில் இதுவரை மூன்று முறை வந்துவிட்டது. ஒருமுறை சித்தப்பா, ஒருமுறை பெரியம்மா, மூன்றாவது முறை மறுபடியும் சித்தப்பா. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் எனக்கு இப்படிப்பட்ட ஃபார்வர்டுகள் தினமும் நாலைந்து கண்ணில் படும். பெரும்பாலும் சிரித்துவிட்டுக் கடந்துவிடுவேன். இதை அப்படிக் கடக்க முடியவில்லை. காரணம், இதை நம்பிவிட்ட அப்பத்தா மதியம் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அப்பத்தாவுக்கு 78 வயது. நாங்கள் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறு வரை வீட்டில் தனியாகத்தான் இருப்பார். சில மாதங்களுக்கு முன் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார். பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வாசம் எதிர்வீடு வரை போயிருக்கிறது. எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து ரெகுலேட்டரை மூடியதால் தப்பித்தோம். அந்த வாரமே அப்பா மைக்ரோவேவ் அவன் வாங்கிவிட்டார். பெயரைக் கேட்டதுமே அப்பத்தாவுக்குச் சிரிப்பு. "அவன் இவன்னு யாரைடா வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர்றீக?" ஒரு வாரம் இருவரும் நன்றாகத்தான் பழகினார்கள். அப்புறம்தான் சித்தப்பாவின் ஃபார்வர்டு வந்தது.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவோடு அடுப்படியில் உட்கார்ந்தேன். "உள்ள இருக்கிற கதிர் சோத்துல ஒட்டிக்காதாத்தா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஒட்டாது. லைட்டை அணைத்தால் வெளிச்சம் போய்விடுவதுபோல, அவனை நிறுத்தினால் அலையும் நின்றுவிடும். இந்த அலைகளின் அதிர்வெண் 2,450 மெகாஹெர்ட்ஸ். வைஃபை வேலை செய்வதும் கிட்டத்தட்ட இதே அலைவரிசையில்தான், சக்திதான் மிகமிகக் குறைவு. உணவில் இருக்கும் நீர் மூலக்கூறுகளை ஆட்டி அசைத்துச் சூடாக்குவது மட்டுமே இதன் வேலை. எக்ஸ்ரேபோல மூலக்கூறுகளை உடைக்கும் வலு இதற்குக் கிடையாது. கதவுக் கண்ணாடிக்குள் கறுப்பாகத் தெரியும் சல்லடைத் தகடும் சும்மா அழகுக்கு இல்லை. அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், சல்லடையின் துளைகளோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அதனால் அலை வெளியே வர முடியாது. கதவு கோணிப்போனாலோ, கீல் ஆடினாலோ, கண்ணாடி விரிசல் விட்டாலோ மட்டும் அதைத் தொடக் கூடாது.

1945-ல் அமெரிக்காவில் ரேதியான் நிறுவனத்தின் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர், ரேடார் கருவியின் அருகில் நின்றபோது சட்டைப் பையில் இருந்த மிட்டாய் உருகிப்போனது. மைக்ரோவேவ் பிறந்த கதை இதுதான். அடுத்து அவர் ஒரு முட்டையை வைத்துப் பார்த்ததாகவும், அது பக்கத்தில் நின்றவர் முகத்தில் வெடித்ததாகவும் சொல்வார்கள். அப்பத்தாவுக்குக் கதையில் பிடித்த இடம் அந்த முட்டைதான்.

நாம் பயப்பட வேண்டியதும் அந்த முட்டைக்குத்தான், கதிருக்கு அல்ல. எங்கள் வீட்டில் முட்டைக் குழம்பு மிச்சமாகும். அவித்த முட்டையை முழுதாக உள்ளே வைத்தால் உள்ளுக்குள் ஆவி சேர்ந்து வெடிக்கும். சில நேரம் வெளியே எடுத்து, வாயில் கடிக்கும்போதுகூட வெடிக்கும். அதனால் இரண்டாக வெட்டித்தான் வைக்க வேண்டும். முழு உருளைக்கிழங்கு என்றால் முள்கரண்டியால் நாலு குத்து.

தண்ணீர் இன்னும் ஏமாற்றும். வழுவழுப்பான கிளாஸில் நீரை அதிக நேரம் வைத்தால் குமிழே வராமல் 100 டிகிரியைத் தாண்டிவிடும். பார்க்க அமைதியாக இருக்கும். காபித்தூளைப் போட்டதும் மொத்தமாகப் பொங்கிக் கையில் கொட்டும். நேரத்தைக் குறைத்து வைப்பதும், நின்ற பிறகு அரை நிமிடம் விட்டு எடுப்பதும் நல்லது. அக்கா குழந்தையோடு வரும்போது பால் பாட்டிலை இதில் வைப்பதே இல்லை. பாட்டில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், நடுவில் பால் வாயைச் சுடும். அதற்கு வெந்நீர்க் கிண்ணமே போதும்.

எங்களுக்கு நிஜமான போராட்டம் பாத்திரத்தில்தான். அப்பத்தாவின் உலகமே எவர்சில்வர். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும், சோறு சூடாகாது, கரண்டி முனையில் பொறி பறக்கும். பிரியாணி பார்சலின் அலுமினியத் தாள், தங்கக் கோடு போட்ட பீங்கான் தட்டு, டீ பையில் இருக்கும் ஸ்டேப்ளர் பின் எல்லாம் இதே கணக்குதான். ஹோட்டல் பார்சல் பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டாம். "மைக்ரோவேவ் சேஃப்" என்று எழுதியிருந்தாலும் என் ஓட்டு கண்ணாடிக் கிண்ணத்துக்கே. இரண்டு கண்ணாடிக் கிண்ணம் வாங்கி, அப்பத்தாவுக்கு எட்டும் தட்டில் வைத்தோம். எவர்சில்வர் டம்ளர்கள் மேல்தட்டுக்குப் போய்விட்டன. இதற்காக ஒருநாள் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

பட்டன்களில் இருப்பதெல்லாம் ஆங்கிலம். 30 விநாடி பட்டனில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டும், நிறுத்தும் பட்டனில் பச்சைப் பொட்டும் ஒட்டிவிட்டேன். சோற்றுக்குச் சிவப்பில் மூன்று தட்டு, கிளறிவிட்டு இன்னும் ஒரு தட்டு. கிளறுவது முக்கியம். ஓரம் கொதிக்கும்போது நடு ஜில்லென்றே இருக்கும், கிருமிகள் பிழைத்துக்கொள்வது அங்கேதான். மறுபடி சூடாக்கும் உணவு முழுக்க 74 டிகிரியைத் தொட வேண்டும் என்பார்கள். நம் கணக்கில், நடுவிலும் ஆவி பறக்க வேண்டும். காலையில் வடித்த சோற்றை மதியம் வரை வெளியே வைத்துவிட்டு, அவனில் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கவே கூடாது. சோற்றில் வளரும் பேசில்லஸ் கிருமி விடும் நச்சு சூட்டுக்கு அழியாது. அதனால் அம்மா இப்போது கிளம்பும் முன்பே சோற்றை ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறார்.

கரண்ட் விஷயம் அப்பாவின் இலாகா. 800 வாட் என்று போட்டிருந்தாலும் சுவரிலிருந்து இழுப்பது 1,200 வாட்டுக்குப் பக்கம். அதனால் தனியாக 16 ஆம்பியர் பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடையாது. உள்ளே ஏதாவது தீப்பிடித்தால் கதவைத் திறக்காமல் சுவிட்சை அணைக்க வேண்டும். காற்று கிடைக்காமல் தீ தானே அடங்கும். தட்டு சுற்றாமல் நின்றபோது, மிக்ஸி ரிப்பேர் செய்யும் அண்ணன் "நானே கழட்டிப் பாக்குறேன்" என்றார். அப்பா விடவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கலாம். கம்பெனி மெக்கானிக் வந்துதான் பார்த்தார்.

அப்பத்தா இப்போது மதியம் சுடச்சுடச் சாப்பிடுகிறார். அவன் ஓடும்போது மட்டும் நாலு அடி தள்ளிப்போய் நின்றுகொள்கிறார். அதை நான் மாற்றப் போவதில்லை. தெறித்த குழம்பைச் சாயங்காலமே பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடைத்துவிடுகிறார். போன வெள்ளிக்கிழமை அடுப்புக்கு வைத்த கையோடு அதன் கதவுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். மேலே ஒரு பூப்போட்ட துணியும் விரித்திருந்தார். பொட்டை விட்டுவிட்டு, காற்றுத் துளைகளை மூடியிருந்த துணியை மட்டும் அம்மா எடுத்து மடித்து வைத்தார்.