எல்லைக் கோட்டைத் தாண்டும் செய்தி



பாகான் டாலாமில் வளரும் பிள்ளைகளுக்குக் கப்பல் புதிதன்று. துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் கொள்கலன் லாரிகளும் அவர்கள் அன்றாடம் காண்பவை. ஆயினும் அக்கப்பல்களை வழியில் காப்பவர் யார் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். ஒருநாள் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், "திருடன் இந்தோனேசியா பக்கம் ஓடிட்டா நம்ம ஆளுங்க என்ன செய்வாங்க, டீச்சர்?" என்று கேட்டான். அருமையான கேள்வி!

நம் ரோந்துப் படகு எல்லைக் கோட்டில் நின்றுவிட வேண்டும் என்பதே விடை. அண்டை நாட்டு நீர்ப்பரப்பில் நுழைந்து துரத்த அனுமதியில்லை. அதற்குமேல் செல்லக்கூடியது செய்தி மட்டுமே. கொள்ளையர்கள் இதனை நன்கறிவர். 2005 மார்ச்சில் மலாக்கா நீரிணையில் ஜப்பானிய இழுவைக் கப்பலான 'இடாத்தென்' தாக்கப்பட்டு, மூவர் கடத்தப்பட்டனர். அவர்கள் சில நாள் கழித்துத் தாய்லாந்துப் பக்கம் விடுவிக்கப்பட்டனர். ஒரே குற்றம், எத்தனை நாட்டுக் கடல்!

அனைத்துலகக் கடல்சார் கழகத்தின் கணக்கில், 2004இல் இந்நீரிணையில் 38 தாக்குதல்கள் நிகழ்ந்தன. அவ்வாண்டு ஜூலையில் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் ஒருங்கிணைந்த ரோந்தைத் தொடங்கின. 2005 செப்டம்பரில் 'வானத்துக் கண்கள்' எனும் வான்வழிக் கண்காணிப்பும் சேர்ந்தது. ஒரே விமானத்தில் பல நாட்டு அதிகாரிகள் அமர்ந்து கடலைப் பார்த்தனர். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் மட்டும் நெருங்கக் கூடாது. இதைச் சொன்னபோது மாணவர்கள் வியந்து கேட்டனர். 2006இல் தகவல் பரிமாற்றக் குழு அமைந்தது. 2008இல் தாய்லாந்தும் இணைந்தது. அவ்வாண்டுத் தாக்குதல்கள் இரண்டே. சுனாமிக்குப்பின் ஆச்சே கரையில் ஏற்பட்ட மாற்றங்களும் இக்குறைவிற்குக் காரணம் என்பர். எனினும் செய்திப் பகிர்வின் பங்கு சிறிதன்று என்பதே என் கருத்து.

சுனாமி என்றதும் பினாங்கு மக்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 2004 டிசம்பர் 26 காலை 9 மணியளவில் சுமத்திராவில் நிலம் அதிர்ந்தது. அலை நம் கரையை எட்டியது நண்பகல் கடந்து. இடையில் கிடைத்த மூன்று மணி நேரத்திற்கும் மேலான அவகாசத்தில் கரையிலிருந்தோருக்கு எச்சரிக்கை எதுவும் வந்து சேரவில்லை. நாட்டில் உயிரிழந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தவர்கள். கொள்ளையனுக்கும் அலைக்கும் வேறுபாடு உண்டு. தாமதமாகும் செய்திக்கு இல்லை.

ஆசிய நாடுகளின் கடற்கொள்ளைத் தடுப்பு உடன்பாடான 'ரீகாப்' 2006இல் நடைமுறைக்கு வந்து, அதன் தகவல் மையம் சிங்கப்பூரில் அமைந்தபோது, மலேசியாவும் இந்தோனேசியாவும் உறுப்பியம் பெறவில்லை. இறையாண்மைக் கவலை புரிகின்றது. ஆனால், தகவலைக் கொடுப்பதால் கடல் பறிபோய்விடாது. அண்மைய ஆண்டுகளில் சிங்கப்பூர் நீரிணையில் கப்பலேறித் திருடும் சம்பவங்கள் மீண்டும் பெருகியுள்ளதையும் காண்கிறோம்.

மீன்பிடிக்கச் செல்லும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை: கடலில் அவசரம் நேர்ந்தால் 999 எண்ணை அழையுங்கள், கடல்சார் அமலாக்க நிறுவனத்திற்கும் அதே எண்தான்.