சிறு யந்திரத்தின் வீரியம்

மோட்டார் என்றால் அமெரிக்கா. அமெரிக்கா என்றால் பெரிய மோட்டார். இப்படித்தான் நாம் வெகு காலம் எண்ணியிருந்தோம். கிராஸ்லி காரின் சரித்திரத்தைப் படித்ததும் அந்த எண்ணம் ஆட்டங் கண்டது.

ஸின்ஸினாட்டி நகரில் ரேடியோப் பெட்டிகள் செய்து பொருள் ஈட்டியவர் பவல் கிராஸ்லி. 1946-ல் அவர் வெளியிட்ட காரின் யந்திரம் 724 கன சென்டிமீட்டர் கொள்ளளவே உடையது; சக்தியோ 26½ குதிரை. அதே வருஷத்து ஃபோர்டு வி-8, 100 குதிரைகளைப் பூட்டி ஓடிற்று! எஃகுத் தகடுகளைத் தாமிரத்தால் பற்றவைத்துச் செய்தபடியால், துணைச் சாதனங்கள் நீங்கலாகக் கிராஸ்லி யந்திரத்தின் எடை 59 ராத்தல்தான்.

ஆனால் எஃகும் தாமிரமும் குளிர்விக்கும் நீரில் ஒற்றுமையாக வாழவில்லை. மின் அரிப்பினால் தகட்டில் துவாரங்கள் விழுந்தன. கிராஸ்லி பிடிவாதம் பிடிக்காமல் 1949-ல் வார்ப்பிரும்புக்கு மாறினார்.

1950 டிசம்பர் 31-ந் தேதி பிளாரிடாவின் ஸீப்ரிங்கில் ஆறு மணி நேரப் பந்தயம். யந்திரத்தின் கொள்ளளவுக்குத் தக்கபடி வெற்றியை நிர்ணயித்தார்கள். வென்றது சின்னஞ்சிறு கிராஸ்லி 'ஹாட் ஷாட்'! மற்றவற்றைவிட அது வேகமாக ஓடவில்லை. தன் அளவுக்கு விதித்ததை விஞ்சி ஓடியது.

எனினும் ஜனங்கள் பெரிய கார்களையே விரும்பினர். 1952-ல் கிராஸ்லி கார் உற்பத்தி நின்றது. பந்தயத்தில் ஜயித்தது, சந்தையில் தோற்றது.

பரீட்சை மார்க்குடன் தலைகுனிந்து நின்ற பையனை, அடுத்த வீட்டுப் பையனோடு ஒப்பிட்டு நாமும் அதட்டியதுண்டு. இனி நம் வீட்டில் ஸீப்ரிங் விதியையே அநுசரிப்பதாக உத்தேசம்.