குதிரைக்கு நான் சொன்ன விளக்கம்

நான் யாழ்ப்பாணத்தில் வரலாறு படிப்பித்தவன். தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொன்னேன். அவமானம் என் மாணவியின் தலையில் விழுந்தது.

அன்று பாடம் ஆனைக்கோட்டை முத்திரை. 1980-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது ஒரு புதைகுழியில் கிடைத்தது. மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி எழுத்து. மேல் வரியை எவரும் உறுதியாக வாசித்துவிடவில்லை என்பதை நான் சொல்லவில்லை. பெருமை பேசினேன். "நாங்கள் ஒலிக்கு எழுத்துக் கண்டம். சீனர் இன்னும் படம் கீறிக்கொண்டு இருக்கினம்." சூரியன், மலை, மரம் மூன்றையும் கரும்பலகையில் கீறியும் காட்டினேன். எனக்குத் தெரிந்த சீனம் அவ்வளவுதான்.

ஒரு பிள்ளை எழும்பினாள். "சேர், அப்ப அம்மாவை எப்பிடிக் கீறுவினம்?"

பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். வாய் வரவில்லை. அந்த எழுத்தை ஏதோ ஒரு சஞ்சிகையில் கண்டிருந்தேன். இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. "குதிரை மாதிரிக் குடும்பத்தைச் சுமக்கிறவள் அம்மா" என்று அந்த இடத்திலேயே புனைந்தேன். வகுப்பு வியந்தது. அந்த வியப்பு எனக்கு இனித்தது.

உண்மை இது. சீனத்தில் குதிரையும் 'மா', அம்மாவும் 'மா'. தொனி மட்டும் வேறு. குதிரை அங்கே நிற்பது ஒலிக்காக, சுமைக்காக அல்ல. சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான்: ஒரு பகுதி பொருளைச் சுட்டும், மறு பகுதி ஒலியை. 3,000 ஆண்டுகளுக்கு முன் ஷாங் அரசர்கள் குறி கேட்ட ஆமையோடுகளிலேயே இந்த முறை இருக்கிறது. கி.பி. 100 அளவில் ஷூ ஷென் 9,353 எழுத்துகளைப் பகுத்து அகராதியே செய்துவிட்டார். எங்கள் அல்லைப்பிட்டியில் சொங் காலச் சீனப் பாண்டங்கள் கிடைத்த கதையை ஆண்டுதோறும் படிப்பித்தவன் நான். அந்தச் சீனரைப் பற்றி ஒரு புத்தகம் விரித்ததில்லை.

அந்தப் பிள்ளை என் புனைவை நம்பினாள். தமிழ்த்தினப் போட்டிப் பேச்சில் அம்மாவையும் குதிரையையும் சொன்னாள். நடுவர் ஒருவர் பிழையை விளக்கிவிட்டு, "ஆர் பிள்ளை உமக்குச் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"நானா நினைச்சனான்" என்றாள்.

எழும்பி, நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அதிபர் பக்கத்தில் இருந்தார். பயந்தேன்.

பிறகு அவள் மேடை ஏறவில்லை. வகுப்பில் கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அதே பாடத்தைக் குதிரையை மட்டும் விட்டுவிட்டு நடத்தினேன். முன்பு சொன்னது பொய் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. கெட்டித்தனம் என்று அப்போது நினைத்தேன். கோழைத்தனம் அது.

அவள் இப்போது கனடாவில். விலாசம் என்னிடம் உண்டு. இன்னும் எழுதவில்லை. முதலில் உங்களிடம் சொல்வதும் துணிவால் அல்ல. உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை.