தளர்ந்த தாழ்

மலைப்பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய நாளில், தேயிலைத் தோட்ட உரிமையாளர் ஒருவர் தம் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பழுதுபார்க்கச் சென்றபோது உடன் சென்றேன். பர்மிங்காமில் ஆன்சன், டீலி இருவரும் 1875-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. குழல்களைத் தாழ்த்தும்போது, அவற்றின் அடியிலுள்ள முன்கட்டையே நெம்புகோல்களை அழுத்தி உட்சுத்தியல்களை ஏற்றுகிறது. அக்கட்டையைப் பிடிக்கும் தாழ் தளர்ந்திருந்தது.

"ஸ்பிரிங்கை இறுக்கினால் போதாதா?" என்றேன்.

கம்மியர், குழலடிக் கொக்கியில் விளக்குக்கரி பூசி, கட்டையை மாட்டிக் கழற்றினார். ஓரிடத்தில் கரி அழியவேயில்லை.

"ஸ்பிரிங்கில் குறையில்லை, சாமி. இந்த இடம் தேய்ந்துவிட்டது. இறுக்கினால் இன்னும் தேயும். உலோகம் வைத்து நிரப்பி, அரத்தால் மெல்ல மெல்லப் பொருத்தவேண்டும்."

அன்று காலையில்தான், பிரிந்து வாழும் கணவன் மனைவி இருவரை அழைத்து, திருமணக் கடமைகளை எடுத்துரைத்துக் கண்டித்து அனுப்பியிருந்தேன். எங்கே தேய்ந்தது என்று கேட்கவில்லை, இறுக்கவே முயன்றேன்.

மாலையில் அவர்கள் இல்லங்களுக்குச் சென்றேன். போதிக்கவில்லை, கேட்டேன். ஒரே நாளில் எதுவும் கூடிவிடவில்லை. அரத்தின் வேலையும் அத்தகையதே.

இறையருள் மனித இயல்பை நிறைவாக்குகிறது என்று குருமடத்தில் கற்றிருந்தேன். அதன் பொருளைக் கம்மியரின் பட்டறையில்தான் உணர்ந்தேன்.