முதலாம் தொகுதி

அயர்லாந்தின் வெஸ்ட்லைஃப் குழு, 1999 தொடக்கம் பாடிய ஹிட் பாடல்களைத் தொகுத்து 2002 நவம்பரில் ஓர் அல்பம் வெளியிட்டது. பெயர் 'அன்பிரேக்கபிள்', உடைக்கேலாதது. கூடவே 'முதலாம் தொகுதி' எண்டும் போட்டிருந்தாங்கள்.

2004 மார்ச்சில் பிரையன் மக்ஃபேடன் விலகினார். ஐந்து பேர் நாலு பேரானார்கள். 'இரண்டாம் தொகுதி' எண்ட பேரில எதுவும் வரேல்ல.

எனக்கு இந்த அல்பம் பிடிக்கிறதே அதாலதான். பிறகு நடக்கப்போறது தெரியாமல் ஐந்து பேரும் பாடிக்கொண்டிருப்பாங்கள்.

ஏ.எல். படிக்கேக்க நாங்களும் ஐந்து பேர். இப்ப மூன்று பேர் வெளிநாட்டில. எல்லாரும் ஒண்டாய்க் கதைக்கவே நாள் பார்க்க வேணும். 'உடைஞ்சிட்டுது' எண்டு சிலர் சொல்லுவினம். எனக்கு அப்பிடித் தெரியேல்ல. மக்ஃபேடன் போனாப்பிறகும் 'மை லவ்' பாட்டில அவரின்ர குரல் இருக்குத்தானே? எங்கட அந்த ரெண்டு வருசத்திலயும் ஐந்து பேரும் இருக்கிறம்.