கூழ் என்னுடையது

சனிக்கிழமை ராத்திரி பிரசங்கக் குறிப்பு எழுதி முடித்ததும், அதிலுள்ள உதாரணங்களை ஒருமுறை பார்த்து, ஊரில் யார் வீட்டு வாசலையாவது காட்டுகிறதா என்று தேடி, காட்டினால் அடித்துவிடுவேன். முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கிற சின்னச் சபைகளில் உபதேசியாராக இருப்பவன் முதலில் கற்கவேண்டிய வேலை இது. முப்பது குடும்பம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் "ஒருத்தர் இருந்தார்" என்று ஆரம்பித்தாலே, அந்த ஒருத்தரைத் தேடி எல்லாத் தலையும் திரும்பும்.

ரோமர் 14, 1 கொரிந்தியர் 8 வரும் வாரங்களில் கூடுதல் பயம். எதைச் சாப்பிடலாம், அடுத்தவருக்காக எதை விடலாம் என்ற பேச்சு அங்கே வருகிறது. கொரிந்துக்காரர்களுக்குக் கோயிலில் படைத்த இறைச்சி. நமக்கு ஆடிக்கூழ்.

உபதேசியாரான புதிதில் ஓர் ஆடி ஞாயிறன்று துணிச்சலாகப் பேசிவிட்டேன். விக்கிரகம் ஒன்றுமே இல்லை, கூழ் வெறும் கேழ்வரகு, பக்கத்து வீட்டார் பிரியமாகக் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள் என்றேன். பவுலும் பாதி வழி அப்படித்தான் போகிறார். ஆராதனை முடிந்து ஓர் அம்மா தனியாக வந்தார். ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்கு முன்னால் மாரியம்மன் கோயிலில் சாமி வந்து ஆடியவர். "ஐயா, உங்களுக்கு அது கூழு. எனக்கு உடுக்கைச் சத்தம் காதுல விழுந்தாலே கை நடுங்குது" என்றார்.

பவுல் சொல்கிற பலவீனன் என்றால் விவரம் தெரியாதவன் என்றே அதுவரை நினைத்திருந்தேன். வீட்டுக்குப் போய் 1 கொரிந்தியர் 8ஐத் திறந்தால், பவுல் பேசுவது பழக்கத்தைப் பற்றி. நேற்றுவரை அந்தச் சாமியோடு வாழ்ந்தவருக்கு அந்தச் சோறு இன்றைக்கும் அந்தச் சாமியின் சோறு. இன்னொன்றும் கண்ணில் பட்டது. நாம் சுதந்திரம் என்று சொல்கிற இடத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு 'அதிகாரம்' என்கிறது. கிரேக்கச் சொல்லுக்கும் அதுதான் பொருள். அதிகாரம் உள்ளவனைப் பார்த்துத்தான் பவுல் விடச் சொல்கிறார்.

கூழை விட்டுவிட்டேன். அதில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மனத்தாங்கல். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். "இவ்ளோதானா தம்பி" என்றவர், மறுவருஷம் படைப்பதற்கு முன்னாலேயே ஒரு சொம்பு தனியாக எடுத்து அனுப்பினார். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளுக்குப் பலகாரமும் பலநேரம் இப்படித்தான் வந்து சேரும். நாங்களும் தைப்பூசத்தன்று சபைச் சாப்பாட்டில் கறி வைப்பதில்லை. வள்ளலார் 1872இல் ஞானசபை திறந்த வடலூர் பக்கத்தில்தான் இருக்கிறது. அன்றைக்கு அங்கே ஜோதி பார்க்க நடந்துபோகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போவார்கள்.

பிறகு கூழை விட்டதே என்மேல் திரும்பியது. ஒரு கல்யாண வீடு. பெரியவர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். காலனிக்காரர்களுக்குப் பந்தியைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாமா என்றார். தனக்கு ஒன்றும் இல்லையாம், வெளியூர்ச் சொந்தக்காரர்கள் விசுவாசத்தில் இன்னும் பலவீனர்களாம். "அந்தம்மாவுக்காகக் கூழையே விட்டீங்க. எங்களுக்காக ஒரு வரிசைய விடக்கூடாதா?"

"கூழ் என்னுடையது ஐயா, விட்டேன். அவங்க உக்கார்ற எடம் என்னுடையது இல்லையே."

இந்த வாதம் பெரியவர் கண்டுபிடித்தது இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்ச் சபைகளையே பிளந்தது இது. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, சேர்ந்து உண்பதைச் சாதியை விட்டதற்கு அடையாளமாகக் கேட்டது. ஜெர்மனியிலிருந்து வந்த லைப்சிக் மிஷன் ஒத்துக்கொள்ளவில்லை. சாதி ஒரு சமூக வழக்கம், மெல்லக் கரையும், மனச்சாட்சியை நெருக்கக்கூடாது என்றது. அந்த மிஷனிலேயே இருந்த கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர் இதற்காகவே முறித்துக்கொண்டு வெளியேறினார். 1860களின் தொடக்கத்தில் அவர் வந்து அமர்ந்த இடம், பண்ருட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேல்பட்டாம்பாக்கம். பெத்தானியா என்று பேர் வைத்தார். டேனிஷ் மிஷன் சங்கம் கைகொடுத்தது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வேர் அங்கேதான். லைப்சிக்காரர்கள் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அவர்கள் காட்டிய பொறுமைக்கு விலை கொடுத்தவர்கள் தனி வரிசையில் உட்கார்ந்தவர்கள்.

பவுல் கறியை விடுவேன் என்றது எல்லாருக்கும் தெரியும். அந்தியோகியாவில் பேதுரு, எருசலேமிலிருந்து வந்தவர்களுக்குப் பயந்து புறஜாதியாரோடு சாப்பிடுவதை நிறுத்தியபோது, இதே பவுல் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டார். கலாத்தியர் 2இல் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பேச எனக்குப் பத்து வருஷம் பிடித்தது.

அன்றைக்குப் பந்தி ஒன்றாகத்தான் போட்டார்கள். நான் நடுவில் போய் உட்கார்ந்தேன். பெரியவர் கடைசிவரை நின்றபடியே பரிமாறிக்கொண்டிருந்தார். என் இலைக்கு வந்தபோது, ஒன்றும் பேசாமல், கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். வெளியூர்ச் சொந்தக்காரர்களில் இரண்டு பேர் சாப்பிடாமலே பஸ் ஏறினார்கள்.