பாடி வாங்கின கதை

"பாடி வாங்கப் போறேன்" என்று சொன்னதும் பெரியம்மா பாக்கு இடிப்பதை நிறுத்திவிட்டு, "யார் வூட்டுப் பாடிடா?" என்று கேட்டுச்சி.

எங்க தெருவில் பாடி என்றால் பிணம்தான். போஸ்ட்மார்ட்டம் முடிந்து பாடியைக் கொடுத்துட்டானா, பாடி எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க, இப்படித்தான் அந்த வார்த்தை எங்களுக்குப் பழக்கம். கேமராவில் லென்ஸைக் கழற்றிவிட்டால் மிச்சமிருக்கிற பெட்டிக்கும் அதே பேர்தான் என்று விளக்கினேன். "கண்ணு கீது, தல இல்ல. அதான?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் இடிக்க ஆரம்பித்துவிட்டது.

கண் இரண்டு இருந்தது. பெரியப்பா விட்டுப்போனவை. அவர் சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம். 1881ல் பிரெஞ்சு அரசாங்கம் ஒரு ஆணை போட்டது. சாதி, மத வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வருவதாக எழுதிக்கொடுத்து, ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொள்ளலாம். ஊர்த்தெருக்காரர்கள் பலர் முகம் சுளித்தார்கள். எங்க சனம் போய் எழுதிக்கொடுத்தது. அதில் நிறைய குடும்பங்கள் பிறகு பட்டாளத்துக்குப் போயின. பெரியப்பா ஜிபுத்தியில் இருந்தபோது ஒரு நிக்கான் கேமராவும் இரண்டு லென்ஸும் வாங்கிவந்தார். பாடி என் அக்கா கல்யாணத்துக்கு அடகுக்குப் போய் முழுகிப்போச்சு. லென்ஸை மட்டும் தராமல் வைத்துக்கொண்டார். 50 மில்லிமீட்டர் ஒன்று, 135 ஒன்று. இரண்டும் 1960களில் செய்தவை. சாவுகிறவரைக்கும் டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு நடுவில் சுற்றி வைத்திருந்தார்.

செல்போன் இருக்கும்போது இது எதுக்கு என்று கேட்கலாம். பெரியம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. அதன் முகம் ஒழுங்காக விழுந்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அக்கா கல்யாணப் படத்தில் வெள்ளைச் சுவர் முன்னால் நிற்கிறது. சுவர் அழகாக இருக்கிறது, பெரியம்மா இருக்கிற இடத்தில் ஒரு புடவையும் கண்ணும் பல்லும். அடையாள அட்டைக்கு ஸ்டுடியோவில் எடுத்தபோது பவுடரைப் பூசி, போதாதென்று கம்ப்யூட்டரிலும் வெளுத்துவிட்டார்கள். 2019ல் ஒரு ஆபீசில் அந்தப் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நீ இல்லியே" என்றார்கள். நாலு மாசம் பணம் நின்றுபோனது. செல்போனில் எடுத்துக் காட்டினேன். அதுவும் தானாகவே சுருக்கத்தை அழித்து நிறத்தை ஏற்றிவிட்டது. பெரியம்மா பார்த்துவிட்டு, "இது யாரு, உங்க வாத்தியார் பொண்டாட்டியா?" என்றது.

அதனால்தான் பாடி தேடினேன். நிக்கான் லென்ஸ் இருந்தால் எந்த நிக்கான் பாடியும் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 1959ல் வந்த மவுண்ட் இன்னும் மாறவில்லை என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். பாதி உண்மை. லென்ஸ் வைத்திருக்கிற துளை எவ்வளவு என்று பாடியில் இருக்கும் மீட்டருக்குத் தெரிய வேண்டும். பழைய லென்ஸில் அதற்கு மேலே முயல் காது மாதிரி ஒரு கவ்வி நிற்கும். 1977ல் அந்த ஏற்பாட்டை மாற்றி, லென்ஸ் வளையத்தின் விளிம்பே பாடியில் உள்ள சின்ன நெம்புகோலைத் தள்ளும்படி செய்தார்கள். பழைய லென்ஸின் விளிம்பு அதற்கு ஏற்றபடி வெட்டப்பட்டிருக்காது. அந்த வருஷம் வந்த எஃப்எம் பாடியில் நெம்புகோலை மேலே மடித்துவிடலாம், பழசும் மாட்டும். 1982ல் வந்த எஃப்எம்2ல் மடிக்க முடியாது. பலவந்தமாக மாட்டினால் நெம்புகோல் போய்விடும். பேர் ஒன்றுபோல இருப்பதால் ஏமாறுகிறவர்கள் அதிகம். எஃப்இயிலும் மடிக்கலாம், ஆனால் அது பேட்டரி தின்கிற ஷட்டர். பேட்டரி செத்தால் ஒரே ஒரு வேகம்தான் ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் முதலில் கிடைத்தது ஒரு ரஷ்ய ஜெனித். விலை கொள்ளை மலிவு. ஆனால் அது திருகு மவுண்ட். லென்ஸ் உட்காருகிற இடத்திலிருந்து பிலிம் வரைக்கும் அதில் 45.46 மில்லிமீட்டர், நிக்கானில் 46.5. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அதற்குள் ஒரு இணைப்பு வளையம் செய்து நுழைப்பது முடியாத காரியம். வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு கடை. கடை எது என்று சொல்லப் போவதில்லை. லென்ஸைக் கையில் வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தவர், "நல்ல சாமான். உன்கிட்ட எப்படி வந்துச்சி?" என்றார். பெரியப்பா சொல்தா என்றேன். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். அதுவரைக்கும் 'வாங்க' என்றிருந்த வாய் 'நீ'யாக மாறி வெகுநேரம் ஆகியிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. எஃப்எம்2 ஒன்றை எடுத்து வைத்து, "இதுக்கு உன் லென்சு ஒக்காராது. பின்னால கொஞ்சம் ராவி எடுத்துட்டா ஒக்காரும்" என்றார். ராவுவது நடக்கிற வேலைதான். ஒழுங்காகச் செய்தால் கெடுதலும் இல்லை. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஐம்பது வருஷம் வேட்டியில் சுற்றி வைத்திருந்ததை இன்னொருத்தன் பெட்டிக்காக ஏன் ராவ வேண்டும்?

கடைசியில் வாங்கியது நிக்கோர்மட் எஃப்டிஎன். 1967லிருந்து 1975 வரை செய்தது. என் லென்ஸ் பிறந்த காலத்துப் பாடி, முயல் காதைக் கவ்விக்கொள்ளும். முக்கால் கிலோவுக்கு மேல் கனம். ஷட்டர் உலோகத் தகடு, முழுக்க இயந்திரம். பேட்டரி இல்லாமலே எல்லா வேகமும் ஓடும். காசு இருக்கிற தோழர்கள் மடிக்கிற நெம்புகோல் உள்ள எஃப்எம் வாங்குங்கள், அதன் பேட்டரி கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். எனக்குக் கட்டுப்படியானது இதுதான்.

எதுவானாலும் வாங்குமுன் பின்கதவைத் திறந்து, ஒரு செகண்டில் வைத்து அழுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். இழுத்தாலோ பாதியில் நின்றாலோ வேண்டாம். ஆயிரத்தில் ஒன்றில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள், கட்டம் முழுசாக மின்ன வேண்டும். கதவோரம் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சு தாராக உருகி விரலில் ஒட்டும். அதற்குப் பயப்பட வேண்டாம், சுரண்டிவிட்டுக் கம்பளி நூல் ஒட்டினால் போதும். இது கடலோர ஊர். லென்ஸில் டார்ச் அடித்துச் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது.

எஃப்டிஎன்னில் ஒரு கோளாறு உண்டு. அதன் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. அமெரிக்காவில் 1996ல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்; இப்போது எங்கும் கிடைக்காது. 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் மீட்டர் இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகக் காட்டும். அதை நம்பி எடுத்தால் படம் இருண்டுவிடும். ஏற்கெனவே வெள்ளைச் சுவர், அதோடு இதுவும் சேர்ந்தால் பெரியம்மா மறுபடியும் கண்ணும் பல்லும்தான்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் கல்யாணப் படம் எனக்கு விளங்கியது. மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொள்ளும். நூற்றுக்குப் பதினெட்டு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல். வெள்ளைச் சுவர் நிறைய இருந்தால் அதைச் சாம்பலாக்க மொத்தத்தையும் இருட்டாக்கும். கறுத்த முகத்துக்குக் கிட்டே போனால் அதையும் சாம்பலாக்க வெளுக்கும். கலர் பிலிம் கதை இன்னும் மோசம். கோடாக் கம்பெனி பிரிண்ட் போடும் கடைகளுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் பல வருஷங்களுக்கு இருந்தவள் வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பேர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்பர்கள் முகம் சரியாக விழாதது பெரிய விஷயமாகப் படவில்லை. சாக்லேட் நிறமும் மேசை நாற்காலி மரத்தின் நிறமும் பிரியவில்லை என்று அந்த வியாபாரிகள் முறையிட்ட பிறகுதான் பிலிமைத் திருத்தினார்கள். இந்த ஊர் பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டில் 1956லிருந்து எடுத்த கோயில், சிலைப் படங்கள் லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. கருங்கல்லின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். கறுப்பை எடுக்க இந்த ஊரில் ஆள் இல்லாமல் இல்லை.

நான் பேட்டரியே போடவில்லை. பொருளிலிருந்து திரும்பி வருகிற ஒளியைப் பார்க்காமல், ஆள்மேல் விழுகிற ஒளியைப் பார்த்துக் கணக்குப் போடுவது பழைய வழக்கம். 400 பிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப்16, ஐந்நூறில் ஒன்று. திறந்த நிழலுக்கு எஃப்5.6. வெளிச்சத்துக்குத் தெருவும் தெரியாது, தோலும் தெரியாது.

காலை எட்டரை மணிக்குப் பெரியம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்தேன். 135ஐ மாட்டி, துளையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒருதரம் திருப்பினேன். மீட்டர் இல்லாவிட்டாலும் கை கேட்கவில்லை. எஃப்5.6, இருநூற்றைம்பதில் ஒன்றுக்குப் பதில் நூற்றிருபத்தைந்து வைத்தேன், கன்னத்துச் சுருக்கம் விழட்டும் என்று. "பவுடர் போட்டுக்கிணு வரட்டா?" என்றது. வேணாம் என்றேன். "அப்ப கறுப்பாத்தான் வுழும்" என்றது. ஆமா என்றேன்.

சென்னைக்கு அனுப்பிக் கழுவி வாங்கினதில் முப்பத்தாறில் ஏழு தேறியது. பத்துக்கு மேல் என் கை நடுங்கி ஃபோகஸ் போய்விட்டது. நாலில் ஓரமாக வெளிச்சம் ஒழுகியிருக்கிறது, கம்பளி நூலை நான் சரியாக ஒட்டவில்லை. தேறின ஏழில் ஒன்றில் நெற்றித் தழும்பு தெரிகிறது. மில்லில் வேலை செய்தபோது பட்டது என்று பெரியம்மா சொன்னபோதுதான் எனக்கே தெரியும். அதை ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்தது.

"இதுல நாலு காப்பி போட்டு எடுத்தா. ஒண்ணு அந்த ஆபீசுக்கு."